ஏழைக்கு எதற்குத் தத்துவம்?

சமூகக் கல்லூரியில் கலைப்பாடங்களும் பொதுக்கல்வியும் பயில்வது வீண்வேலை என்பார் உளர். பற்றவைப்போ கணக்கெழுதுதலோ கற்றால் வயிறு நிறையும். வரலாறும் தத்துவமும் சோறு போடுமா என்பது அவர்தம் வினா. இவ்வினாவைச் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. அதில்தான் இருக்கிறது சூது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், 1901இல் ஆறே மாணவருடன் தோன்றிய கல்லூரி, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே அளிக்க எழுந்தது. 1946இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவும், தொழிற்பயிற்சியோடு பொதுக்கல்வியும் குடிமக்களுக்கு வேண்டுமென்றே வலியுறுத்தியது. பகலெல்லாம் கடையில் நின்று உழைப்பவர், மாலையில் அங்கே கட்டுரை எழுதவும், புள்ளிவிவரங்களை ஆராயவும், அரசியலமைப்பைப் படித்து வினவவும் கற்கிறார். ஈராண்டு முடித்தோர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிற் சேர வழியுண்டு. சில பாடங்களை ஏற்க மறுக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டுதான். அது மறுப்போர் குற்றமேயன்றிப் படிப்பின் குற்றமன்று.

மலேசியாவில் 2001இல் தோன்றிய சமூகக் கல்லூரிகளோ தொழில்திறனையே முதன்மையாகக் கொண்டன. திறன் வேண்டும், யார் மறுத்தார்? ஆயின், வேலை ஒப்பந்தத்தை வாசித்து அதன் உட்பொருளை எதிர்த்து வினவும் அறிவை எந்தப் பட்டறை தரும்? தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவே மிகை என்றெண்ணிய துரைமார் அன்று இருந்தனர். அவர்தம் குரல் இன்று நம் பெற்றோர் வாயிலிருந்தே ஒலிக்கிறது.