கடற்பாசித் தீவனம்: ஆசையும் அவதானமும்

கடற்பாசி என்றதும் எமக்கு நினைவு வருவது நோன்பு துறக்கும் நேரத்து இனிப்புத்தான். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. நான் இங்கு எழுத வந்தது அதன் இன்னோர் இனமான பழுப்புக் கடற்பாசி பற்றி. கற்பிட்டி, மன்னார் கரைகளிலும் தென்பகுதிக் கற்பாறைகளிலும் வளரும் 'சர்காசம்' இந்த இனத்தைச் சேர்ந்தது.

அண்மையில் முட்டைக்கோழி வளர்க்கும் என் மச்சான் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "கரையில சும்மா ஒதுங்கிற பாசியைக் காயவெச்சு அரைச்சுப் போட்டா தீவனச் செலவு பாதியாகுமாமே, உண்மையா?" அவரிடம் இருப்பவை ஐந்நூறு கோழிகள். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் சோளமும் சோயாப் புண்ணாக்கும் எட்டாத விலைக்குப் போயின. சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. அந்த அடியை வாங்கியவர்கள் மலிவான மாற்று எதையும் தேடத்தான் செய்வார்கள்.

ஆனால் கணக்கைப் பார்ப்போம். சோயாப் புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 45 அளவில் இருக்கிறது. பழுப்புப் பாசியில் அது பெரும்பாலும் 15ஐத் தாண்டுவதில்லை. காய்ந்த பாசியின் எடையில் பெரும்பகுதி உப்பும் தாதுக்களும், கோழியால் எளிதில் செரிக்க முடியாத நாரும்தான். நோர்வே, அயர்லாந்து போன்ற நாடுகளில் பாசி மாவு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது உண்மை. எனினும் அங்கும் அது தாதுச்சத்துக்காகச் சேர்க்கப்படும் துணைப்பொருளே. பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் கலக்கிறார்கள். மச்சானின் கோழிகள் நாளொன்றுக்கு உண்பது ஏறத்தாழ 55 கிலோ தீவனம். அதில் ஒரு வீதம் என்றால் அரைக் கிலோ சொச்சம். இதனால் செலவு எப்படிப் பாதியாகும்? பத்துக் கிலோ ஈரப்பாசியைக் காயவைத்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவை விடப் பெரிய கேள்வி பாதுகாப்பு. பழுப்புப் பாசி கடல்நீரிலுள்ள அயடினையும் ஆர்சனிக்கையும் தன்னுள் சேர்த்துவைக்கும். சர்காசம் இனத்தைச் சேர்ந்த 'ஹிஜிகி' பாசியில் நச்சுத்தன்மை கூடிய கனிம ஆர்சனிக் இருப்பதால் அதை உண்ண வேண்டாம் என பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2004 இல் மக்களுக்கு அறிவுறுத்தியது. தீவனத்தில் ஏறும் அயடின் பாலிலும் முட்டையிலும் இறங்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாட்டுக்கும் முட்டைக்கோழிக்குமான தீவனத்தில் அயடினுக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நாமோ 1995 முதல் அயடின் கலந்த உப்பை உண்டு வருகிறோம். குழந்தை குடிக்கும் பாலிலும் அது அளவின்றிச் சேர்ந்தால் தைரொயிட் சுரப்பி பாதிக்கப்படலாம்.

இதனால் பாசியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. அளவோடு, பரிசோதித்துக் கொடுத்தால் அது நல்ல தாதுத் துணையாகலாம். எமது கரையோரப் பெண்களுக்கு ஒரு வருமானமாகவும் அமையலாம். ஆனால் 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திவிட்டு, ஆய்வில்லாத ஆசைக்கு விவசாயிகள் கொடுத்த விலையை மறந்துவிடக் கூடாது.

ஆகவே மூன்று விடயங்கள் அவசியம். முதலாவது, நாரா நிறுவனமும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் எமது கரைப் பாசியை இடத்துக்கிடம், பருவத்துக்குப் பருவம் பரிசோதித்து முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். இரண்டாவது, பொதியில் அயடின், ஆர்சனிக் அளவு குறிப்பிடாத பாசி மாவு விற்பனைக்கு வரக் கூடாது. மூன்றாவது, உயிரோடு நிற்கும் பாசியை வெட்ட வரையறை வேண்டும். அது மீன்குஞ்சுகளின் தொட்டில். பண்ணையாளனின் லாபத்துக்காக மீனவனின் வலை வெறுமையாகக் கூடாது.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: "கரையில் கிடப்பது இலவசம்தான், ஆனால் பரிசோதனை முடியும்வரை கோழிக்குப் போடாதீர்கள். மிருக வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்." வாயில்லாப் பிராணியின் உணவும், அதன் முட்டையை வாங்கி உண்பவரின் ஆரோக்கியமும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா?