மூன்று வேலை, ஒரே உடம்பு



வைகாசி முடியப்போகிறது. தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இப்போது மூன்று வேலை ஒன்றாக வந்து நிற்கும். ஆடிப்பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்யணும். ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றி, கைமரத்தில் கரையான் இருக்கிறதா என்று பார்க்கணும். மூன்றாவது, அறுபதைத் தாண்டிய இந்த உடம்பைப் பார்க்கணும். முதல் இரண்டுக்கும் நாமே நாள் குறித்துவிடுகிறோம். மூன்றாவதை மட்டும் "இந்த வேலை முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகிறோம். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் தள்ளிப்போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். விதைக்குக் கெடு இருக்கிறது. அவரையை ஆடியில் ஊன்றினால்தான் பனிக்காலத்தில் பூத்துக் காய்க்கும். புடலை, பீர்க்கன், பாகல், சுரைக்கும் அந்தப் பட்டம்தான் தோது. வீட்டுக்கும் கெடு உண்டு. மழை வந்துவிட்டால் ஒழுகுகிற இடம் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அப்படியில்லை. சத்தமே போடாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருந்துகொண்டு கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும். வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளையைத்தான் டீச்சர் கவனிப்பார். மூலையில் காய்ச்சலோடு சுருண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண்ணில் படுவதில்லை. அந்த மாதிரிதான் இது.

"மண்ணில் வேலை செய்கிறவனுக்கு ஏது வியாதி?" என்று என் வயதுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. உழைக்கிற உடம்பு உட்கார்ந்தே இருக்கிற உடம்பைவிட நல்லதுதான். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் மண்வெட்டி பிடிப்பது மாத்திரைக்கு மாற்று ஆகாது. இன்னும் சொன்னால், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோட்டத்தில் சில தனி ஆபத்துகள் உண்டு.

ஒன்று, தாழ்சர்க்கரை. சில சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வேலை செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். வெயிலில் நிற்கிறவர் அதை வேலை வியர்வை என்றுதான் நினைப்பார். சட்டைப் பையில் நாலு மிட்டாய் கிடக்கட்டும்.

இரண்டு, பாதம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால் முள் குத்துவது தெரியாது. வெறுங்காலோடு வயலில் இறங்குவது நம் வழக்கம்தான். இந்த வயதில் அதை விட்டுவிட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

மூன்று, வெயில். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரிய வைப்பவை. அதோடு வியர்வையும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்கெல்லாம் நிழலுக்கு வந்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

வீட்டு வேலையில் என் கருத்து இன்னும் கறாரானது. அறுபதுக்கு மேல் யாரும் தனியாக ஏணி ஏறக் கூடாது. இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால், அதற்கப்புறம் பழைய நடை எல்லோருக்கும் திரும்புவதில்லை. ஓடு மாற்ற ஆள் கூலி கொடுப்பது செலவுதான், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரியுங்கள். மின்கம்பி போகிற சுவரில் நீர் இறங்கினால் காத்திருக்காது. கைமரத்தில் கரையானும் அப்படித்தான். சுண்ணாம்பு அடிப்பதும் திண்ணைக்குச் சிமெண்ட் பூசுவதும் அடுத்த வருஷம்கூட நடக்கட்டும்.

தோட்டத்தில் என்ன குறைக்கலாம்? இதில்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. காய்கறிக்கு வைத்திருக்கிற இடத்தில் பாதியை இந்த வருஷம் நடவில்லாமல் விட்டுவிடலாம், அதில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடலாம் என்கிறேன். களை அடங்கும், மண்ணுக்குத் தழைச்சத்து சேரும், நமக்கும் குனிந்து நிமிருகிற வேலை பாதியாகும். அவுங்களுக்குச் சம்மதமில்லை. "பார்க்கிறவங்க கிழடு தட்டிப்போச்சுன்னு சொல்லுவாங்க" என்கிறார்கள். சொல்லட்டுமே! நாற்பது வயதில் ஓட்டின தோட்டத்தை அறுபத்தைந்திலும் அப்படியே ஓட்ட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? குறைத்துக்கொண்டால் இன்னும் பத்து வருஷம் இந்த மண்ணில் இருக்கலாம். வீம்புக்கு இழுத்தால், ஒருவர் படுத்த அன்றே தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டியதுதான். நான் பயப்படுவது அதற்குத்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சமையல், மாடு, வாசல், தோட்டம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியாகத் தன் மாத்திரையைத் தேடுகிறவர்கள் நாம்தான். வீட்டுக்காரருக்கு நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறோம், நம்முடையது அலமாரியிலேயே இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பெயரையும் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாங்கியதை அன்றன்று சாப்பிடுங்கள்.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு. போனில் "எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா" என்று சொல்வது அன்பினால்தான். எங்களுக்குத் தெரியும். ஆனால் அது எங்களுக்கு உதவி இல்லை. வாசலில் வேம்பும், கூப்பிட்டால் வருகிற பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இல்லாத இடத்தில் எங்கள் உடம்பு தேறும் என்று யார் சொன்னது? அதே சமயம் "அம்மாவுக்குத் தோட்டம்தான் மருந்து" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவதும் சரியில்லை. ஒரு சனி ஞாயிறு வந்து ஓடு மாற்றுகிற ஆளோடு நில்லுங்கள். அம்மாயிக்கும் அப்பச்சிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையும் அதில் இருக்கட்டும். "பாதி போதும்" என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் எடுபடாதது பேரப்பிள்ளைகள் சொன்னால் எடுபடும்.

என் வகுப்பில் பாட அட்டவணை எழுதும்போது கடினமான பாடத்தைக் காலையில் முதல் பீரியடில் வைப்பேன். சாயங்காலம் வைத்தால் மணி அடித்துவிடும். நாள்காட்டியில் ஆஸ்பத்திரி தேதியை முதலில் எழுதுங்கள். நடவும் ஓடும் அதைச் சுற்றி அமையட்டும். ஆடி பிறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. அதற்குள் யார் யார் போய்வந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்