உண்மைதானே, அனுப்பினால் என்ன?

ஜெர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை என்றால், கத்தோலிக்கரோ சைவரோ, ஒருமுறையாவது உங்களை அம்மா கெவலாருக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பா. நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர். 1642ஆம் ஆண்டிலிருந்து அங்கே மாதாவைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பெரிய சிலை ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவுக் காகிதத்தில் அச்சடித்த ஒரு படம், அவ்வளவுதான். துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல் தருகிற மாதா என்று பெயர். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அந்த ஊர் முழுக்கத் தமிழ் கேட்கும். பூசை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, புளிச்சாதமும் ரோல்ஸும் பரிமாறுவார்கள். அந்தத் தரிப்பிடத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

2017. நான் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு என்ன தெரியுமா? ஒரே தகவலைப் பல கணினிகளில் பிரதி எடுத்து, எது பழுதானாலும் தகவல் தொலையாமல் வைத்திருப்பது எப்படி என்பது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

திருவிழா அன்று பின்னேரம் எங்கள் பஸ் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். தரிப்பிடத்தின் மூலையில், எங்கள் நகரத்துப் பெண் ஒருத்தி ஒரு பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெடியன் தமிழன் இல்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு ஐந்து வகுப்புக் கீழே படித்தவள்.

நான் அந்தப் படத்தைக் கனடாவில் இருக்கிற மச்சான்மாரின் குழுவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: "இது இன்னாற்ர மகள் எல்லோ?" சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. படம் எடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, கெட்ட வார்த்தை எழுதவில்லை.

பஸ் ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தப் படம் அவளுடைய அப்பாவுக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் எடுத்த படம் கனடா போய், லண்டன் போய், மறுபடி ஜெர்மனிக்கு வந்திருந்தது. நான் எழுதிய அந்த ஒரு வரியையும் யாரோ வெட்டி ஒட்டிக் கூடவே அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வேறு நகரத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. போக வேண்டாம் என்றார் அப்பா. அவள் போனாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் அவளுடன் கதைக்கவில்லை. அம்மா மட்டும் வேலை இடத்திலிருந்து களவாகப் போன் எடுப்பா.

வாட்ஸப்பில் ஒரு படத்தை முன்னனுப்பினால், முதலில் போட்டவரின் பெயர் கூட வராது. 2018இல் இருந்து, இது முன்னனுப்பப்பட்டது என்று ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் காட்டுகிறார்கள். யார் தொடங்கினார், எத்தனை கை மாறியது, எதுவும் தெரியாது. ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு உலகம் முழுக்க 2019இல்தான் வந்தது. எல்லோருக்கும் அழி என்ற வசதியும் நாங்கள் கெவலார் போய் வந்த பிறகு, அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. இருந்திருந்தாலும் என்ன? என் குழுவில் அழிந்திருக்கும். மற்றவர்கள் ஏற்கெனவே அனுப்பிய பிரதிகளை அது தொடாது. எது பழுதானாலும் தகவல் தொலையாமல் இருக்க வேண்டும் என்று நான் ஆய்வேட்டில் எழுதினேன் அல்லவா? சித்திமாரும் மாமாமாரும் எந்தப் பட்டமும் இல்லாமல் அதை இரண்டு மணித்தியாலத்தில் செய்து காட்டினார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் பாதர்மார் இளையோர் கூட்டங்களில் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கதைக்கிறபோது அநேகமாக மணித்தியாலக் கணக்குத்தான் கதைக்கிறார்கள். எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய், எவ்வளவு நேரம் விளையாடுகிறாய். 2025 செப்டம்பர் 7ஆம் திகதி புனிதராக்கப்பட்ட கார்லோ அகூத்திஸ் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் வீடியோ கேம் விளையாடினார் என்று உதாரணம் காட்டுகிறார்கள். நல்ல பிள்ளைதான், பதினைந்து வயதில் இறந்துபோனவர், நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையத்தளம் செய்தவர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அந்தப் படத்தை அனுப்ப எடுத்த நேரம் எட்டு விநாடி இருக்கும். நேரக் கணக்கு வைத்துப் பார்த்தால் நானும் புனிதன்தான்.

எட்டாம் கட்டளையை நாங்கள் முதல்நன்மை வகுப்பில் "பொய் சொல்லாதே" என்று சுருக்கிப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2477ஆம் பத்தியை எடுத்துப் பாருங்கள். பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்கள் அங்கே இருக்கின்றன. போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவர் பிழை செய்தார் என்று மனதுக்குள் முடிவு கட்டுவது ஒன்று. பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுக்கிற அவதூறு இன்னொன்று. இந்த இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். நடுவில் இருக்கிற புறங்கூறல்தான் என்னைப் பிடித்தது. தகுந்த காரணம் இல்லாமல், ஒருவருடைய குறையை அதை அறியாத ஆட்களுக்குத் தெரியப்படுத்துவது. அந்தக் குறை உண்மையாக இருந்தாலும் குற்றம்தான். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. (பத்துக் குறளையும் பாடமாக்கிப் பரிசு வாங்கியவன் நான். வெட்கம்.)

நான் வாழ்கிற நாட்டின் சட்டம் இந்த அளவுக்குப் போகவில்லை. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவு, உண்மை என்று நிரூபிக்க முடியாததைச் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுப்பதைத்தான் தண்டிக்கிறது. கை பிடித்தது உண்மை. 2018 மே 25இலிருந்து நடைமுறையில் இருக்கிற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிப்பட்ட, வீட்டுப் பாவனைகளைத் தொடுவதில்லை. அந்தச் சட்டம்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது: வாடிக்கையாளர் தகவலை எத்தனை வருடம் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கிறேன். மச்சான்மாரின் குழுவுக்கு அப்படி ஒரு திட்டமும் இல்லை. படங்களுக்கு மட்டும் இங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவு இரண்டு படப்பிடிப்பாளர்கள் அறைக்குள் களவாகப் புகுந்து பிணத்தைப் படம் எடுத்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் பின்னால் 1907இல் வந்த சட்டம், படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் படத்தைப் பரப்பக்கூடாது என்கிறது. ஆனால் பெரியப்பாவுக்கு எதிராகப் பொலிசுக்குப் போகிற பிள்ளை எங்கள் சனத்தில் எங்கே இருக்கிறது?

2019 தவக்காலத்தில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது. பாதர் கேட்டார்:

"நீர் அனுப்பினது பொய்ச் செய்தியோ?"

"இல்லைப் பாதர், உண்மைதான்."

"பொய் எண்டால் பிறகு போய், நான் சொன்னது பொய் எண்டு திருத்தலாம். உண்மையை என்னெண்டு தம்பி திருத்துவீர்?"

என்னிடம் பதில் இல்லை. பாவமன்னிப்புக் கிடைத்தது. ஆனால் மன்னிப்புக் கிடைத்தாலும் பரிகாரக் கடமை போகாது என்று அவர் சொன்னார். அதுவும் மறைக்கல்வியில் 2487ஆம் பத்தியில் இருக்கிறது. "அந்தப் பிள்ளையோட கதைச்சனீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "முதல் அதைச் செய்யும்" என்றார்.

இதை வாசிக்கிற சில பேருக்கு ஒரு கோபம் வரலாம், வரவும் வேண்டும். குறையை வெளியே சொல்லாதே என்ற போதனையைக் காட்டித்தானே எத்தனையோ பேரின் வாயை அடைத்தார்கள்? பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்களைச் சபைக்குள்ளேயே மறைத்தார்கள்? அது போதனையைத் தலைகீழாகப் பிடித்தது. தகுந்த காரணம் இல்லாமல் என்ற சொற்கள் அந்தப் பத்தியில் சும்மா இருக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதைவிடத் தகுந்த காரணம் கிடையாது. இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்த குருக்களும் துறவியரும் முறையிட்டே ஆக வேண்டும் என்று 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமே போட்டார். யாராவது உங்களை அடித்தாலோ, தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ, சொல்லுங்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம், பொலிசிடம் சொல்லுங்கள். அதற்குப் பெயர் புறங்கூறல் இல்லை. எட்டுக் குழுக்களுக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்புவது வேறு வேலை. அங்கே இருக்கிற ஒருவராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற ஒழுங்கு எனக்குக் கணினிக்காரனாகப் பிடிக்கும். உன் சகோதரன் உனக்கு எதிராகப் பிழை விட்டால் முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. கடைசியில்தான் சபை. நாங்கள் சபையில் தொடங்குகிறோம். சம்பந்தப்பட்ட ஆளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரிய வருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு இல்லாத கையையும் பிடிக்க வைத்துப் படம் செய்யும். அப்படி உருவாக்கியதைப் பகிர்கிறவர்கள் உண்மையா என்று பார்க்கிற கவனம் எடுக்க வேண்டும் என்று வத்திக்கான் 2025 சனவரி 28ஆம் திகதி வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. சரிதான். ஆனால் என் படம் உண்மைப் படம். சரிபார்த்திருந்தால் நான் இன்னும் தைரியமாக அனுப்பியிருப்பேன்.

அவளுக்குப் போன் எடுக்க எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. 2020இல், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த நேரத்தில் எடுத்தேன். நான்தான் அனுப்பினேன் என்றேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "தெரியும் அண்ணா. உங்கட எழுத்து எனக்குத் தெரியும்" என்றாள். அந்த ஒரு வரியைத்தான் அப்பா அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குச் சொல்லி என்ன செய்யிறது? அங்க சொல்லுங்கோ" என்றாள்.

அங்கே சொன்னேன். கனடாக் குழுவிலும் பஸ் குழுவிலும், பெயர் போடாமல், படத்தைத் திரும்பப் போடாமல், 2017இல் நான் ஒரு பிள்ளையின் படத்தைக் கேலி செய்து பரப்பினேன், அது பிழை, இன்னும் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒரு மாமா, "இப்ப ஏன் பழசுகளைக் கிண்டுறாய்?" என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டுப் போனார்.

இரவு பதினொரு மணிக்கு, எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு அன்ரியிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "தம்பி, நானும்தான் அனுப்பினனான். அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தாறியளோ?"

அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பதில் போட்டேன்.