கத்திக்கு முன்னே

மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் ஸ்திரீகள் சுமார் 82,000 பேரை 2019ம் வருஷத்தில் ராஜ்ய சர்க்கார் விசாரித்ததில், அவர்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையை இழந்தவர்கள் என்று தெரியவந்தது. வேலைக்கு வராத நாளுக்கு மேஸ்திரியிடம் அபராதம் கட்டவேண்டிய ஏழைகள் அவர்கள். இது ஒரு ஜில்லாவின் அவமானம் மட்டுமன்று. 2015-16ம் வருஷத்திய தேசிய குடும்ப நல சர்வேயின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு 34 வயதிற்குள்ளாகவே அது நடந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு ரண சிகிச்சைகள் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. காரணம் கேட்டதற்குப் பாதிக்கு மேற்பட்டோர் அதிக உதிரப்போக்கையும் வலியையும் கூறினர். ஐந்திலொரு பங்கினர் கட்டி என்றனர்.

புற்றுநோய்க்குக் கத்தியெடுக்கும் வைத்தியரை நாம் குறைகூறவில்லை. உதிரப்போக்குக்கும் சாதாரணக் கட்டிக்கும் கத்திக்கு முன்னே மருந்து இருக்கிறதென்பதை நோயாளிக்குச் சொன்னார்களா என்பதே நமது கேள்வி. முதலில் கொடுக்கத்தக்க மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. அவற்றுக்கு மசியாத நோய்க்கு, அதை ஊட்டி வளர்க்கும் ஈஸ்ட்ரோஜனின் ஊற்றையே சில காலம் அடைத்துவைக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன.

இவை வந்த விதம் ருசிகரமானது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியின் வழியாகச் சினைப்பைகளை ஏவும் ஹார்மோனின் அமைப்பை 1971ல் ஷாலி, கில்லெமின் என்ற இரு விஞ்ஞானிகளின் கோஷ்டியார் போட்டியிட்டுக் கண்டுபிடித்தனர். லட்சக்கணக்கான மிருகங்களின் மூளைத் துணுக்குகளிலிருந்து கிடைத்த சொற்பச் சரக்கை வைத்துச் செய்த வேலை அது! 1977ல் இருவரும் நோபல் பரிசில் பங்குபெற்றனர். மறு வருஷம் குரங்குகளிடம் நடந்த சோதனைகளில் ஓர் அதிசயம் வெளிப்பட்டது. மணிக்கொரு தடவை அந்த ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது. ஓயாமல் வந்தால் செவிடாகிவிடுகிறது. சதா அதட்டும் எஜமானனின் சொல்லை வேலைக்காரன் காதில் வாங்குவதில்லை அல்லவா? லூப்ரோலைட் முதலிய ஊசிகள் உண்டாக்குவது இந்தச் செவிட்டுத்தன்மையையே. அமெரிக்காவில் லூப்ரோலைட் 1985ல் ஆண்களின் பிராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்றதொரு சதை வெளியிடங்களில் படர்ந்து வதைக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கு 1990ல்தான் அனுமதி கிடைத்தது.

நோயை வேரறுக்கும் மருந்தென்று இதை எவரும் விற்கலாகாது. ஃபைப்ராய்டு கட்டி மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். போக்கு நிற்பதால் உடம்பில் ரத்தம் ஊறும். மருந்தை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். ஊசி போட்ட முதல் ஓரிரு வாரங்களில் வலி அதிகரிக்கவும் கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாத வைத்தியரிடம் நோயாளி மறு ஊசிக்கு வரமாட்டாள். உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதிக்கும். எலும்பின் பலம் குறையும். ஆகையால் தனியே ஆறு மாதத்துக்கு மேல் கொடுப்பதில்லை. சிறிது ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்துப் பன்னிரண்டு மாதம்வரை நீட்டுவதுண்டு. 2018ல் எலகோலிக்ஸும், 2021ல் ரெலுகோலிக்ஸ் சேர்ந்த மாத்திரையும் அங்கே அங்கீகாரம் பெற்றன. அவற்றுக்கும் 24 மாதமே எல்லை.

அப்படியானால் என்ன பிரயோஜனம் என்பார்கள். அவகாசமே பிரயோஜனம். ரத்தம் ஊறிய உடம்பில், சுருங்கிய கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியும். மாதவிலக்கு தானே நிற்கும் வயதை நெருங்கியவளுக்குக் கத்தியே தேவைப்படாமலும் போகலாம். எலும்பு நலியுமென்று ஊசிக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: 34 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், அந்த நலிவு ஆறு மாதத்தோடு நிற்பதில்லை.

அநாவசியமாகக் கர்ப்பப்பையை நீக்குவதைத் தடுக்கும் விதிகளை மூன்று மாதத்துக்குள் அமுலுக்குக் கொண்டுவரும்படி 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ராஜ்ய சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குமுன், மேற்கண்ட மருந்துகளையும் அவற்றின் தீங்குகளையும் நோயாளியின் பாஷையில் சொல்லவேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் அவை இலவசமாகக் கிடைக்கவேண்டும். மாதம் ஒரு ஊசிக்காக ஒரு நாள் போய்வரும் கரும்புக்காரியிடம் அந்த நாளுக்கும் மேஸ்திரி அபராதம் வாங்குவானானால், அதைத் தடுக்கும் உத்தரவையும் சர்க்கார் கூடவே போடவேண்டும்.