பால் லாரியும் வட்டங்களும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலையில், கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது மீனாட்சிபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் இடித்துக்கொள்கின்றன. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால், அது அநேகமாகச் சோதனைச் சாவடியை ஒட்டித்தான் இருக்கும்.

இப்பகுதியில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. படிக்கப் போகும் இளைஞர்கள் ஏதாவது ஒரு பருவத்தில் 'சிஸ்டம் அனாலிசிஸ் அண்டு டிசைன்' என்ற பாடத்தைச் சந்தித்தே தீர வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பிலேயே கம்ப்யூட்டர் அதிகம் தேவைப்படாத பாடம் இது. ஓர் அலுவலகத்தில் யார் யாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுக்கிறார், அது எங்கே தங்குகிறது, யார் முடிவெடுக்கிறார் என்று பார்த்து எழுதி, அதன் பிறகே புரோகிராமில் கைவைக்க வேண்டும் என்பதுதான் சாரம். வேலைக்கு வட்டம், தகவலுக்கு அம்பு, பதிவேட்டுக்கு இரட்டைக் கோடு, வெளியாளுக்குச் சதுரம். டாம் டிமார்க்கோ 1978இல் எழுதிய புத்தகம் பரப்பிய இந்தப் படமுறை, இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது.

எம்.சி.ஏ. படிப்பு இந்தியாவில் வேர்விட்டதில் ஒரு தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. 1933இல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், 1965இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயன்ஸில் எம்.டெக். தொடங்கக் காரணமாக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் தலைமையிலான குழுதான் எம்.சி.ஏ. படிப்பைச் சிபாரிசு செய்தது. தகவல் அமைப்புகளின் ஆய்வு, வடிவமைப்பு குறித்து அவர் எழுதிய பாடநூல் பல கல்லூரிகளில் புழங்கியது. அலுவலகங்களுக்குப் போய் வேலையைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் தேவை என்ற எண்ணம் அந்தப் படிப்பின் அடியில் இருந்தது.

நடைமுறையில் நடப்பது வேறு. 'சிஸ்டத்தின் வாழ்க்கைச் சுழற்சியில் உள்ள கட்டங்கள் யாவை?' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு மாணவர்கள் மனப்பாடமாகப் பதில் எழுதுகிறார்கள். புராஜெக்ட் என்றால் நூலக நிர்வாகம், ஆஸ்பத்திரி நிர்வாகம். நகரத்தில் காசு கொடுத்தால் படத்தோடும் பைண்டிங்கோடும் கிடைக்கும். நூலகத்துக்குள் கால் வைக்காமலே நூலக நிர்வாகம் எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர். இத்தனைக்கும் சாவடியில் பால் லாரி நிற்பதைப் பார்த்தபடிதான் அந்த மாணவர் பஸ் ஏறியிருப்பார்.

கேரளத்தின் பால்வளத் துறை, வெளி மாநிலப் பாலைச் சோதிக்க மீனாட்சிபுரம், ஆரியங்காவு, பாறசாலை ஆகிய எல்லையோர இடங்களில் சாவடி வைத்திருக்கிறது. லாரி வரும், மாதிரி எடுப்பார்கள், கொழுப்பு, திடச்சத்து, கலப்படம் பார்ப்பார்கள், சரியென்றால் விடுவார்கள். மூன்று வட்டம், நாலு அம்பு, படம் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை.

2022 ஆகஸ்டில், ஓணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, மீனாட்சிபுரத்தில் 12,750 லிட்டர் பாலில் யூரியா இருப்பதாகச் சொல்லி லாரி பிடிக்கப்பட்டது. சாவடிக்கு ஒரு மென்பொருள் எழுதும் மாணவர் 'யூரியா: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் போட்டு வைப்பார். ஆனால் யூரியா எல்லாப் பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சத்தில் 700 பங்கு வரை அனுமதிக்கிறது. எனவே அந்தக் கட்டத்தில் வர வேண்டியது எண். இதைப் புத்தகம் சொல்லாது. சாவடியில் குழாயைப் பிடிப்பவர் சொல்வார்.

இதைவிடச் சிக்கலானது ஆரியங்காவு விவகாரம். 2023 ஜனவரியில் அங்கே 15,300 லிட்டர் பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகப் பால்வளத் துறையின் சோதனை சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில் அது காணப்படவில்லை. மாதிரி எடுக்கத் தாமதமானதே காரணம் என்று ஒரு துறை சொன்னது. இன்னொரு துறை ஒப்பவில்லை. இரண்டு துறைகளும் ஒரே அரசாங்கத்தைச் சேர்ந்தவை.

யார் சரி என்பது இருக்கட்டும். இப்படி ஒரு சச்சரவு எழ முடிந்தது ஏன் என்பதுதான் பாடம். ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் சரக்கு. பாலில் இயல்பாக உள்ள காட்டலேஸ் என்ற நொதி அதைத் துரிதப்படுத்தும். தன் தடயத்தைத் தானே துடைத்துக்கொள்ளும் கலப்படம் என்று சொல்லலாம். யூரியா அப்படிப் போய்விடாது. சட்டப்படி வழக்குத் தொடுக்க வேண்டுமானால் சாவடிச் சோதனை போதாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி வந்து மாதிரி எடுத்து, நான்காகப் பிரித்து, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். ஆய்வாளருக்குப் பதினான்கு நாள் அவகாசம். முதலில் கண்டுபிடிப்பவர் ஒருவர், நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே ஓர் அம்பு. அந்த அம்பு எத்தனை மணி நேரம் நீளம் என்று எழுத டிமார்க்கோவின் படத்தில் இடமில்லை. படத்தில் தகவல் உண்டு, கடிகாரம் கிடையாது. நேரத்தைக் காட்ட வேறு படங்கள் பின்னால் வந்தன. அவையும் பாடத்திட்டத்தில் கடைசி அலகில் இருக்கும், நடத்த நேரம் இராது.

சாவடிகளில் எல்லாமே ஒரே ரகமும் அல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கேரளத்தின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. மறு ஆண்டு மின் வழிச்சீட்டு வந்தது. வரி என்பது தகவல். லாரிக்கு முன்பே கம்பியில் போய்ச் சேர்ந்துவிடும். பால் அப்படியல்ல, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தச் சாவடியைக் கம்ப்யூட்டரால் மூட முடியும், எதை முடியாது என்று பிரித்தறிவது இந்தப் பாடத்தின் மிக நல்ல கேள்வி. தேர்வுத்தாளில் அது வருவது அபூர்வம்.

வணிகத்துக்கென முதன்முதலில் கம்ப்யூட்டர் ஓட்டியது இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்ற, டீக்கடைகள் நடத்திய கம்பெனி. 1951இல் 'லியோ' என்ற இயந்திரத்தில் பேக்கரிக் கணக்குப் பார்த்தார்கள். அந்த வேலையை வகுத்துக் கொடுத்த டேவிட் கேமினரை உலகின் முதல் சிஸ்டம் அனாலிஸ்ட் என்பார்கள். அவர் எஞ்சினியர் அல்ல, அதே கம்பெனியின் நிர்வாக அலுவலர். ரொட்டி எங்கே தேங்கும், கணக்கு எங்கே பிசகும் என்பது அவருக்கு ஏற்கனவே தெரியும்.

மீனாட்சிபுரத்து மாணவருக்கும் இந்த விஷயத்தில் கோயமுத்தூர்க்காரரைவிட வசதி அதிகம். லாரி டிரைவரிடம் தமிழில் பேசலாம், சாவடி ஊழியரிடம் மலையாளத்தில் பேசலாம். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் எல்லையில் பால் வரத்தும் கூடும், சோதனையும் கூடும். அந்த நாட்களில் நாலு மாணவர்கள் ஒரு கடிகாரத்தோடும் நோட்டுப் புத்தகத்தோடும் ஓரமாக உட்கார்ந்து, லாரி நின்ற நேரம், குழாயில் நிறம் மாறிய நேரம், போன் போன நேரம், அதிகாரி வந்த நேரம் என்று குறிக்கட்டும். அனுமதி கேட்டுத் துறைத்தலைவர்தான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.