காக்களூரில் ஆண்டுக்கு ஒருநாள்

தரையில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் எழுந்திருக்கிறான். முதலில் குப்புறத் திரும்பி இரண்டு கைகளையும் ஊன்றுகிறான். பிறகு கையை முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்கிறான். பார்க்கிறவர்கள் சோம்பேறிப் பையன் என்கிறார்கள். கெண்டைக்கால் திரண்டிருப்பதைத் தடவிப் பார்த்து நல்ல ஊட்டம் என்று பாட்டி மகிழ்கிறார். டுஷேன் தசைச்சிதைவு நோயின் தொடக்க அடையாளங்கள் இவை இரண்டும். சந்தேகத்தை உறுதிசெய்ய முதலில் தேவைப்படுவது சி.பி.கே. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதை ஒரு மருத்துவர் எழுதித் தருவதற்குள் பல வீடுகளில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பத்து, பன்னிரண்டு வயதில் பையன் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறான்.

இந்த நோயுள்ள குடும்பங்களும், இதைப் போன்ற மற்ற அரிய மரபணு நோய்கள் உள்ள குடும்பங்களும் ஆண்டுக்கு ஒருநாள் ஓரிடத்தில் கூட வேண்டும். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அதைத் தன் பொறுப்பில் நடத்த வேண்டும். அது காக்களூரில் நடக்க வேண்டும். இதை ஆறுதல் நிகழ்ச்சியாக நாம் கேட்கவில்லை. மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கேட்கிறோம்.

ஒரு நாள் கூட்டம் எப்படி மருத்துவம் ஆகும்? இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் சிகிச்சை பெற்ற டுஷேன் நோயாளிகளைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1960-களில் அங்கே அவர்கள் சராசரியாக 14 வயதைத் தாண்டியதும் இறந்தார்கள். 1990-க்குப் பிறகு, இரவில் வீட்டிலேயே மூச்சுக்கருவி பொருத்தப்பட்டவர்களின் சராசரி 25 வயதைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. மூச்சு குறையப்போகும் நேரத்தை முன்கூட்டியே கவனித்து, கருவியை உரிய காலத்தில் வைத்தார்கள். பத்து ஆண்டு ஆயுள் அங்கேதான் கிடைத்தது.

இந்த நோயில் பலன் தருபவற்றில் பெரும்பாலானவை விலை குறைந்தவை. பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை நடை தளரும் முன்பே மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கினால், பையன் நடக்கும் காலம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அதை ஒருநாளும் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. குதிகால் தசைநாண் சுருங்காமல் இருக்கத் தினமும் கணுக்காலை நீவி மடக்கிவிட வேண்டும். தெம்பு வரட்டும் என்று மாடிப்படி ஏறவைப்பது நல்லதென நினைத்துச் செய்யும் கெடுதல். ஏற்கெனவே நைந்த தசை அதில் இன்னும் கிழியும். பையன் நன்றாக இருக்கும்போதே இதயத்தைச் சோதிக்கத் தொடங்க வேண்டும். பல் பிடுங்கப் போனால்கூட இந்த நோயைச் சொல்லிவிட வேண்டும், சில மயக்க மருந்துகள் இவர்கள் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவையும் புறநோயாளிப் பிரிவின் ஐந்து நிமிடத்தில் எந்த மருத்துவராலும் சொல்லி முடிக்க இயலாது. சொன்னாலும், மகனின் நோய்ப் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் இருக்கும் தாயின் காதில் அது ஏறாது. இன்னொரு தாய் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகனின் காலை மடியில் வைத்துக் கணுக்காலை எந்தக் கோணத்தில் மடக்குகிறாள் என்று காட்டும்போது அது கைக்கு வருகிறது. பதினைந்து வயதுப் பையனை இடுப்பு பிடிக்காமல் கட்டிலிலிருந்து தூக்கும் வித்தை, ராத்திரி எத்தனை முறை புரட்டிப் போட வேண்டும் என்ற கணக்கு, பள்ளிக் கழிப்பறைக்கு அனுமதி வாங்கப் பேசிய பேச்சு, எல்லாம் அனுபவப்பட்டவர்களிடம்தான் இருக்கின்றன. அரிய நோயின் கொடுமையே அந்த அனுபவப்பட்டவர் நம் தெருவில் இல்லாமல் போவதுதான். சர்க்கரை நோய் என்றால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோயை யாரிடம் கேட்பது?

வீட்டுக்குள்ளே இன்னொரு துயரம் இருக்கிறது. டுஷேன் நோயின் பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அதைச் சுமந்தாலும் அவளுக்குப் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை, மகனுக்கு வந்துவிடலாம். அதனால் சில குடும்பங்களில் தாய்மாமன் என்ற உறவே வெறுமையாகக் கிடக்கிறது. காதுகுத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாமன் பதினெட்டு வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்பார். எதனால் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'காலு வெளங்காம போச்சு' என்ற ஒரு வாக்கியத்தில் அந்த வரலாறு முடிந்திருக்கும். பேரனுக்கும் அதே நடை வரும்போது 'உங்க வீட்டு ரத்தம்' என்று மருமகள்மேல் பழி விழுகிறது. உண்மையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் தாயிடம் அந்தப் பழுதே இருப்பதில்லை, அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. சொந்தத்தில் கட்டியதால் வந்த நோயும் இல்லை இது. நம் மாநிலத்தில் நான்கில் ஒரு திருமணமாவது உறவுக்குள் நடக்கிறது, அதனால் கூடும் மரபணு நோய்கள் வேறு பல உண்டு, அவற்றைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் டுஷேன் பையனின் தாயை அந்தக் குற்றக் கூண்டில் நிறுத்துவது அறியாமை. அப்பாவும் மாமியாரும் இருக்கும் அறையில் ஒரு மரபியல் ஆலோசகர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சித்திக்கும், கல்யாணத்துக்கு நிற்கும் அக்காவுக்கும் பரிசோதனை எதற்கு என்றும் அங்கேதான் விளக்க முடியும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். சேலத்தில் வானவன்மாதேவியும் அவர் தங்கை இயலிசைவல்லபியும் தசைச்சிதைவு நோயோடு வளர்ந்தவர்கள். தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, ஒரு இல்லத்தையும் உருவாக்கினார்கள். வானவன்மாதேவி இன்று இல்லை. தன்னால் கையைத் தூக்க முடியாத ஒருவர் அடுத்தவரைத் தாங்கும் கூரையைக் கட்டியிருக்கிறார், அரசுக்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டி தேவையில்லை. கோவையில் டாக்டர் பி.ஆர். லட்சுமியின் எம்.டி.சி.ஆர்.சி. ஆய்வு மையம் டுஷேன் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவருகிறது. உறவுமுறை இல்லாத 961 நோயாளிகளின் மரபணு விவரங்களை அக்குழு 2020-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. இமாசலப் பிரதேசத்தின் சோலனில் இந்திய தசைச்சிதைவுச் சங்கம் 1992 முதல் இயங்குகிறது. நோயாளிகளே முன்னின்று நடத்தும் அமைப்பு அது. திருவள்ளூரிலிருந்து சோலன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சமீபத்திய சான்றும் உண்டு. எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசைநலிவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு புட்டி 6 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. நாட்கோ நிறுவனம் அதைத் தயாரிப்பதற்குத் தடை கேட்டு, அதுவரை விற்றுவந்த நிறுவனம் போட்ட மனுவை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஏற்க மறுத்தது. 15,900 ரூபாய்க்கு அந்த மருந்து வந்தது. வழக்கு இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலானது. ஆனால் இந்த மருந்து எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களுக்கும் நாட்டுக்கும் உரக்கச் சொன்னவர்கள் நோயாளிகளும் பெற்றோரும்தான்.

சரி, காக்களூர் ஏன்? அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு தகப்பனை நினைத்துக்கொள்வோம். மகனைச் சென்னைக்குக் கூட்டிப்போவது என்றால் அவருக்கு ஒருநாள் கூலி போகும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களில் ஒன்று. அங்கே போக மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து ஆட்டோ. நடக்க முடியாத பையனை ரயிலில் ஏற்றி இறக்கும் அந்தப் பயணத்தை ஆண்டுக்கு எத்தனை முறை செய்ய முடியும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர் நிலை இன்னும் மோசம். ஒரே மாவட்டம்தான், ஆனால் அவர் ஊர் ரயில் பாதையும் திருவள்ளூர் பாதையும் சென்னையில் பேசின் பிரிட்ஜ் அருகே வந்துதான் சேர்கின்றன, ரயிலில் திருவள்ளூர் வரவே அவர் சென்னையைச் சுற்ற வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை எந்தக் கணக்கிலும் காணோம்.

தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அதைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உடல் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல், தகப்பன் சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்த நிலை நீடிக்கும்வரை இ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை உண்டு. இருபத்தொரு வயதோடு அது முடிந்துவிடுவதில்லை. இது தெரியாமல் கைக்காசைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், 2017-இல் 21,000 ரூபாயாக வைக்கப்பட்ட சம்பள உச்சவரம்பு. மாதச் சம்பளம் அதைத் தாண்டினால், நடப்பு அரையாண்டுக் கணக்கு முடிந்ததும் தொழிலாளி திட்டத்தைவிட்டு வெளியே வருகிறார். பதவி உயர்வு வந்தால் மகனின் மருத்துவம் போய்விடுமோ என்று ஒரு தகப்பன் பயப்படும்படி விதி இருக்கக் கூடாது. ஆயுள் முழுதும் நீடிக்கும் மரபணு நோய் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு வேண்டும். நூறு குடும்பங்கள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, இ.எஸ்.ஐ. அதிகாரியும் அங்கே இருந்தால்தான் இந்தக் கோரிக்கைக்கு முகம் கிடைக்கும். இன்று அது ஒரு தகப்பன் தனியாக விழுங்கிக்கொள்ளும் கவலை.

2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் நிதியுதவி 2022-இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. ஆயுள் முழுவதும் மருந்து தேவைப்படும் நோய்களில் அந்தத் தொகை கரைந்த பிறகு என்ன என்ற கேள்விக்குக் கொள்கை பதில் தரவில்லை. அதற்கான போராட்டம் டெல்லியில் நடக்க வேண்டியது. காக்களூரில் செய்யக்கூடியதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் நம்பிக்கை வியாபாரிகளுக்கு லாபம். தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லிப் பெருந்தொகை வாங்கும் இடங்கள் உண்டு. அனுமதிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இந்த நோய்க்கு அப்படிச் சிகிச்சை தரக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். 2025-இல் அதை எடுத்துக்கொண்ட, நடக்கும் நிலையைக் கடந்த இரண்டு பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்த பிறகு, அத்தகையோருக்கு அதைத் தருவது நிறுத்தப்பட்டது. கைப்பேசியில் வரும் அரைகுறைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் தாய்க்கு, 'நாங்களும் போனோம், பலன் இல்லை' என்று இன்னொரு தாய் சொல்வதுதான் நம்பகமான தடுப்பு.

இந்த யோசனைக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தாண்டிவிட நமக்கு மனம் வரவில்லை. போன மாதம்தான் நோய் தெரிந்த ஆறு வயதுப் பையனின் பெற்றோர் மண்டபத்துக்குள் நுழைந்ததும், பதினெட்டு வயதுப் பையன் சக்கர நாற்காலியில் தலை நிற்காமல் இருப்பதைப் பார்ப்பார்கள். தங்கள் வீட்டின் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரே நொடியில் பார்த்துவிடுவார்கள். அந்தப் பையனும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பான். இந்த வலியைத் தவிர்க்க முடியாது, ஆனால் கவனமாக ஏற்பாடு செய்யலாம். புதிதாக வருகிறவர்களுக்குத் தனி அறை, அனுபவமுள்ள ஒரு பெற்றோர் துணை, முதல் ஆண்டு பெரிய கூடத்துக்கு வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அந்தப் பதினெட்டு வயதுப் பையனையும் வெறும் காட்சிப்பொருளாக உட்கார வைக்காமல், பன்னிரண்டு வயதுப் பையன்களோடு பேசவிடலாம். பள்ளியைப் பற்றி, சினிமாவைப் பற்றி, கோபத்தைப் பற்றி அவர்கள் கேட்க நினைப்பது அவனிடம்தான். மகனை வைத்துத் தங்கள் வருங்காலத்தைக் கணக்குப் போட்டுப் பழகிய பெற்றோருக்கு, அந்தப் பதினெட்டு வயதுப் பையன் சிரித்துப் பேசுவதைக் கேட்பதும் ஒரு செய்தி.

இந்த நாளை நலத்திட்ட விழாவாக மாற்றிவிடக் கூடாது என்பதை ஆட்சியருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடிப்பது அறவே கூடாது. அக்காவுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்த ஒரு படம் என்ன செய்யும் என்பது நம் ஊருக்குத் தெரியும். பெயர்ப் பதிவு மருத்துவக் கல்லூரியின் பூட்டிய பதிவேட்டில் இருக்கட்டும். 2022 முதல் இயங்கும் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இதை முன்னின்று செய்யலாம். எழும்பூரிலிருந்து மரபியல் மருத்துவரும் இதய மருத்துவரும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்து அடையாள அட்டை வழங்கும் குழுவும் வரட்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கான விண்ணப்பம் அங்கேயே முடியட்டும். தசைச்சிதைவு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஒன்று, அதற்காக எவரும் நாலு அலுவலகம் அலைய வேண்டியதில்லை. தொழிற்சாலைகள் அன்று தாய்க்கும் தகப்பனுக்கும் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் மட்டும் போய்வாருங்கள் என்ற பேச்சு உதவாது. தனக்கு விளங்கியதைக் கணவனுக்கு விளக்க முடியாமல் தவிப்பதுதான் பல தாய்மார்களின் பாடு.

உலக டுஷேன் நாள் செப்டம்பர் 7. அந்த மரபணுவில் 79 துண்டுகள் இருப்பதால் ஒன்பதாம் மாதத்தின் ஏழாம் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும். மண்டபத்தைத் தேடும்போது அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம். வாசலில் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைகிறதா, பையனைப் படுக்கவைத்து உடை மாற்ற ஒரு கட்டில் இருக்கிறதா என்று அளவெடுத்துப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் தாழ்தளப் பேருந்துகள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் பத்து மணிக்குள் எல்லாரும் வந்துசேர முடியும். அந்தப் பேருந்துகளுக்கான உத்தரவு ஜூன் மாதத்துக்குள் கையெழுத்தாக வேண்டும்.