பச்சை டிக் போதும் என்றிருந்தோம்

மைசூரில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையேறி, சாமராஜநகர் வழியாக வந்து இங்கே வாடகை வீடு பிடித்தவர்கள். மருத்துவமனை நோயாளிகளின் குறிப்புகள், கூட்டுறவுச் சங்கக் கணக்குகள், மில் தொழிலாளியின் பி.எஃப். விவரம் எல்லாம் நம்மிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பேக்கப்பை ஒழுங்காகக் கவனித்தோமா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்துகொண்டிருந்த பேக்கப், நான்கு மணிக்கு முடிந்தது. பிறகு ஆறு மணி ஆனது. பிறகு காலை ஒன்பதரைக்கு ஆட்கள் லாகின் செய்து, ஸ்கிரீன் நகரவில்லை என்று போன் போடும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நாம் செய்ததெல்லாம் ஆரம்பிக்கும் நேரத்தை எட்டு மணிக்கு மாற்றியதுதான். அதுவும் போதாமல் போனபோது, தினமும் எடுத்த முழு பேக்கப்பை வாரம் ஒருமுறை என்று ஆக்கினோம். டேட்டா பெருகிவிட்டது என்று மேலே ஒரு வரி எழுதி அனுப்பினோம். நிர்வாகம் நம்பி, நெட்வொர்க்கில் இணைக்கும் ஃப்ளாஷ் ஸ்டோரேஜ் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் வேகம் கூடவில்லை. ஸ்டோரேஜ் பார்ப்பவர் நெட்வொர்க்கைக் கைகாட்டினார், நெட்வொர்க் பார்ப்பவர் டேட்டாபேஸைக் கைகாட்டினார், டேட்டாபேஸ் பார்க்கும் நாம் ஸ்டோரேஜ் விற்றவரைத் திட்டினோம். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

காகிதத்தில் ஒரு வகுத்தல் கணக்கு போட்டிருந்தாலே பாதி விளங்கியிருக்கும். 10 ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் போகும். 5 டெராபைட் டேட்டா ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால், வினாடிக்கு 110 மெகாபைட் அளவில்தான் போகிறது. அது 1 ஜிகாபிட் இணைப்பின் வேகம். பழுதான ஒரு கேபிளால் போர்ட் 10-லிருந்து 1-க்கு இறங்கி நிற்கலாம். போய் அந்த போர்ட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

எந்த இடத்தில் தேங்குகிறது என்று பிரித்துப் பார்க்கக் கருவி இல்லாமல் இல்லை. ஆரக்கிளின் ஆர்மேன், எங்கும் எழுதாமல் டேட்டாவைப் படித்து மட்டும் சரிபார்க்கும். எஸ்கியூஎல் சர்வரில் பேக்கப்பை ‘நல்’ என்ற இல்லாத இடத்துக்கு எழுதச் சொல்லலாம். அது சீக்கிரம் முடிந்தால் படிப்பதில் கோளாறில்லை, எழுதும் வழியில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெட்வொர்க்கில் பெரிய பாக்கெட்டுக்காக இரண்டு முனையிலும் 9000 பைட் என்று வைத்துவிட்டு, நடுவில் ஒரு சுவிட்சை 1500-லேயே விட்டிருப்போம். பாக்கெட்டை உடைக்காமல் அனுப்பு என்று சொல்லி, 8972 பைட்டில் ஒரு பிங் கொடுத்தால் அது பிடிபட்டுவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை, செய்யாமல் விட்டோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரே ஓட்டமாக எழுதியது. ஃப்ளாஷ் ஸ்டோரேஜ் பெட்டி, பல கைகள் ஒரே நேரத்தில் எழுதினால் வேகம் காட்டும்படி கட்டப்பட்டது. ஆர்மேன், நாம் மாற்றாதவரை டிஸ்க்குக்கு ஒரே சேனலில்தான் எழுதும். லினக்ஸில் என்எஃப்எஸ் வழக்கமாக ஒரே டிசிபி இணைப்பில் எல்லாவற்றையும் தள்ளும். பல இணைப்புகளைப் பயன்படுத்தும் வசதி 2019-இல் 5.3 கெர்னலில் வந்தது. போஸ்ட்கிரெஸின் டம்ப் பல வேலையாட்களோடு ஓடும் வசதி 2013-லேயே வந்துவிட்டது. ஆவணங்களில் எல்லாம் எழுதியிருக்கிறது. பத்து கவுன்ட்டர் திறந்திருக்கும் டோல்கேட்டில் அத்தனை லாரியையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, சாலை சரியில்லை என்று புகார் எழுதினோம். இதற்கு மேல் கம்ப்ரஷனை வேறு போட்டு, ஒரே சிபியூ கோர் நூறு சதவீதத்தில் திணறுவதையும் கவனிக்காமல் இருந்தோம்.

இந்த மைசூரிலேயே படியெடுப்பதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர்கள் இருந்தார்கள். 1886-இல் ஹுல்ட்ஸ் என்ற அறிஞர் பொறுப்பேற்றுத் தொடங்கிய, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, ஊட்டியிலிருந்து 1966-இல் இங்கே வந்தது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, அதன் மேல் மை ஒற்றி எடுப்பார்கள். கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். திருப்பணியில் கல் போன கோயில்களுக்கு அந்தத் தாள்தான் மிச்சம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். எடுத்த படி, வேண்டியவர் கையில் கிடைத்து, படிக்கவும் முடிய வேண்டும் என்ற அந்த நியாயத்தை நம் சர்வர் அறைக்குள் கொண்டுவரவில்லை. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்புகளை அடுக்கிக்கொண்டே போனோம்.

அதனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்தார். பேக்கப் இருக்கும் என்று தேடினால் காலியாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவி 9.2 என்பதால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொன்ன மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. ஆனால் அது இருந்த வேகம் குறைந்த டிஸ்க்கிலிருந்து திரும்ப நகலெடுக்கப் பதினெட்டு மணி நேரம் போயிற்று. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். நாம் படித்தோம், பகிர்ந்தோம், அன்றிரவு நம் பேக்கப் எப்படி ஓடியது என்று பார்க்கவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் அரசு டேட்டா மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் எரிந்துபோயின. கொள்ளளவு பெரியது, வேகம் குறைவு, அதனால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அதே காரணத்தை நாமும் நம் மேலாளர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம்.

தினமும் காலையில் போகும் அறிக்கையில் பேக்கப்புக்கு நேராக ஒரு பச்சை டிக் மட்டும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆனது, வினாடிக்கு எத்தனை மெகாபைட் போனது, கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்த தேதி என்ன என்று மூன்று கட்டம் சேர்க்க அரை நாள் வேலை போதும். மூன்றாவது கட்டம் பல சர்வர்களுக்குக் காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும், காலியாகவே மேலே அனுப்புவோம்.